கேபினட் மேல் பட்டு

கழக்கூட்டத்திலிருந்து கிழக்கேகோட்டைக்குப் போகும் பேருந்து. முன்சீட்டில் ஆபீஸ் அட்டை தொங்கும் இரண்டு இளைஞர்கள். நான் ஒட்டுக்கேட்கவில்லை, அவர்கள்தான் சத்தமாகப் பேசினார்கள்.

"எடா, என் கம்ப்யூட்டர் கொதிக்கறது."

"ப்ராசஸர் ஸ்பீடைக் கூட்டி வச்சா சூடாகத்தான் செய்யும். ஃபேன் சுத்துது, அல்லே?"

"சுத்தறது. ஆனா அம்மா சரஸ்வதி பூஜைக்குக் கம்ப்யூட்டர் கேபினட்டைப் பட்டால மூடிட்டா. விஜயதசமி வரைக்கும் தொடப்படாது."

"பின்னே நீ எப்படி வேலை பாக்குற?"

"கீபோர்டைப் பூஜைல வைக்கலையே."

"ஸ்பீடையாவது குறைடா."

"குறைச்சேன். அதுவரைக்கும் ஃபேன் காத்துல பட்டு உப்பி உப்பி அடங்கிண்டிருந்தது. தேவி மூச்சு விடறான்னு அம்மா தெருவையே கூப்பிட்டுக் காட்டினா. ஸ்பீடைக் குறைச்சதும் சூடு தணிஞ்சு ஃபேன் மெதுவாயிடுத்து, பட்டு அசையலை. அம்மா அழ ஆரம்பிச்சுட்டா."

"அப்புறம்?"

"திரும்பக் கூட்டிட்டேன்."