ஆறு வருடமும் ஏழரைச் சனியும்

காலையில் கோயில் அலுவலகத்தைத் திறந்ததும் நாள்காட்டியில் முந்தைய நாளின் தாளைக் கிழிப்பது என் வேலை. வேறு யாரும் கிழித்தால் எனக்குப் பிடிக்காது. சிலர் அவசரத்தில் இரண்டு தாளாகக் கிழித்துவிடுவார்கள், அப்புறம் அன்றைக்கு முழுக்க ராகு காலம் தப்பாகப் போகும். நான் முப்பது வருடம் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிராணியாக, பதிவேடு எழுதுபவனாக, இருந்தவன். தேதி விஷயத்தில் என்னை யாரும் குறை சொன்னதில்லை.

என் பெயர் சிவநேசன். வயது அறுபத்து நான்கு. கிள்ளானில் இருக்கும் இந்தக் கோயிலின் செயலாளராகப் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். இதை எழுதித் தரும்படி கேட்டது வாணி, பாலனின் மகள். போன வாரம் அலுவலகத்துக்கு வந்து கேட்டாள். வாயால் சொன்னேன். அதையே எழுத்திலும் தரச் சொன்னாள். எழுதுவதில் எனக்கு என்ன கஷ்டம்? கூட்டக் குறிப்பு எழுதி எழுதிப் பழகிய கைதானே.

பாலன் வயரிங் வேலை செய்பவன். கேரித் தீவுத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமானதும் மனைவி தாமரையோடு கிள்ளானுக்கு வந்தவன். மாசி மகத்துக்கு ரதம் ஊர்வலம் போகும்போது பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவான். சம்பளம் கிடையாது, சாமிக்குச் செய்கிற வேலை. ரதம் இறக்கத்தில் ஓடிவிடாமல் பிடித்து நிறுத்துவது பிரேக்கும் அந்தக் கட்டையும்தான். 2018 மார்ச் முதல் தேதி மாசி மகத்தன்று கட்டை மட்டும்தான் இருந்தது.

பிரேக் இல்லை என்பது எனக்கு இரண்டு வாரம் முன்பே தெரியும். ரதத்தைப் பார்த்த சீன மெக்கானிக் மலாய் மொழியில் ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். பிரேக் முழுக்கத் தேய்ந்துவிட்டது, மாற்றும்வரை ரதத்தை வெளியே எடுக்காதீர்கள் என்று. சாமான் வர ஒரு மாதமாகுமாம். மாசி மகம் ஒரு மாதம் காத்திருக்குமா? கடிதத்தை ஃபைலில் போட்டு வைத்தேன். கமிட்டியில் யாருக்கும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் ரதம் வாசலைத் தாண்ட வேண்டும், அதற்கு மேல் நேரம் சரியில்லை என்று குறித்திருந்தோம். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பாலன் என்னிடம் வந்தான்.

“அண்ணே, பிரேக் பாத்தாச்சா?”

“பாத்தாச்சு. நீ கட்டைய எடு.”

வாசலை விட்டு இறங்கும் சரிவில் ரதம் ஓடியது. அவன் கட்டையைத் தள்ளினான், கட்டை நழுவியது, கை உள்ளே போய்விட்டது. வலது கை, மணிக்கட்டோடு. ஆம்புலன்ஸில் கூட ஏறிப் போனவன் நான்தான். அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு தேவாரம் சொல்லிக்கொண்டே போனேன். என் வேட்டியெல்லாம் ரத்தம். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், என்னை இரக்கமில்லாதவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதுதான்.

அடுத்த வாரமே பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். பொதுவாகத் தெரிந்துகொள்ள வந்தேன் என்றேன். நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். இப்படிக் காயம்பட்டவர் ஆறு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். போட்டால் செயற்கைக் கைக்கும், பிழைப்பு போனதற்கும் சேர்த்து ஈடு கிடைக்கும். ஆறு வருடம் தாண்டி ஒரு நாள் ஆனாலும் எதிராளி அதைச் சொல்லி வழக்கை உடைத்துவிடலாம். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். யாராவது ஏமாற்றிக் கெடுத்திருந்தால் அந்த ஏமாற்று வேறு வழக்கு, அதற்குக் கணக்கு அது தெரியவந்த நாளிலிருந்துதான் தொடங்கும் என்றார். அது திருடர்களுக்கான சட்டம் என்று விட்டுவிட்டேன்.

வழக்கு வந்தால் கடிதம் வெளியே வரும். கடிதம் வந்தால் பதவி போகும். 2023-இல் கும்பாபிஷேகம் வைப்பதாக இருந்தோம். கல்வெட்டில் செயலாளர் பெயர் பொறிப்பார்கள். சிரிக்காதீர்கள். பத்தொன்பது வருடம் கழிப்பறைக் குழாய் முதல் கோபுரக் கலசம் வரை பார்த்தவனுக்கு அந்த ஒரு வரியாவது வேண்டாமா?

வழக்குப் போடாதே என்று நான் பாலனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தாமரையின் அண்ணன் அம்பாங்கிலிருந்து வந்து, கோயிலாவது குளமாவது, கமிட்டி மேல் கேஸ் போடு என்று அவனை நெருக்கினார். பாலனுக்குச் சாமி வீட்டின் மேல் வழக்குப் போட மனம் வரவில்லை. ஆனால் வீட்டில் அரிசி வாங்க வேண்டுமே. என்னைத் தேடித்தான் வந்தான். வருவான் என்று எனக்குத் தெரியும்.

“அண்ணே, என் நேரம் எப்படி இருக்குன்னு பாருங்க. கேஸ் போடலாமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா சரிதான்.”

அவனுக்கு ஜாதகம் இல்லை. பிறப்புப் பத்திரத்தில் இருந்த தேதி தோட்டத்துக் கிராணி தோராயமாக எழுதியது. நட்சத்திரம் தெரியாததால் எப்போதும் சாமி பேருக்குத்தான் அர்ச்சனை செய்வான். தைப்பூசத்துக்கு மறுநாள் பொழுது சாயும்போது பிறந்தான் என்று மட்டும் அவன் அம்மா சொல்லியிருந்தாராம். நான் பஞ்சாங்கத்தை எடுத்து, அரை மணி நேரம் தாளில் கணக்குப் போட்டுவிட்டு, மகர ராசி என்றேன். முந்தைய வருடக் கடைசியில்தான் உனக்கு ஏழரைச் சனி பிடித்திருக்கிறது, கை போனதும் அதனால்தான், இந்தக் காலத்தில் கோர்ட் வாசல் மிதித்தால் இருப்பதும் போகும் என்றேன். 2025 பங்குனியில் சனி விலகும், விலகின மறுநாளே வழக்குப் போடு, நானே சாட்சி சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

எழுந்திருக்கும்போது அவன் கேட்டான். “கேஸு போடறதுக்கு நாள் கெடு ஏதும் இருக்குமாண்ணே?”

“உண்மைக்கு ஏதுப்பா கெடு?” என்றேன்.

அது பொய்யில்லை. பொதுவாகச் சொன்ன ஒரு வார்த்தை.

பரிகாரமும் சொன்னேன். சனிக்கிழமை தோறும் நவக்கிரகத்தில் எள் விளக்கு ஏற்ற வேண்டும், பகல் முழுக்க விரதம். பாலன் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. தீப்பெட்டியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இடது கையால் குச்சியைக் கிழிப்பான். மூன்று குச்சி அணையும், நாலாவது பற்றும். பக்கத்தில் நின்று பார்ப்பேன். நான் ஏற்றிக் கொடுத்ததில்லை, பரிகாரம் செய்தவனுக்குத்தானே பலன். கொரோனாவுக்காக எம்சிஓ போட்டுக் கோயிலை மூடியபோது வீட்டு வாசலில் ஏற்றி வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவான். நான் கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்புவேன்.

திருநீற்றை இடது கையால் வாங்கக் கூடாது. குருக்கள் தட்டை நீட்டும்போது பாலன் கூசி நிற்பான். அதனால் நானே எடுத்து அவன் நெற்றியில் பூசிவிடுவேன். அன்னதானத்தில் இடது கையால் சாப்பிடுவதை மற்றவர்கள் பார்த்தால் அவனுக்குச் சங்கடமாக இருக்குமே என்று கடைசி வரிசை ஓரத்தில் அவனுக்கென்று ஓர் இடம் ஒதுக்கி வைத்தேன். தாமரைக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். சொந்த அண்ணன்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டார் என்று தாமரையே பல பேரிடம் சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது.

ஒரே ஒரு முறை பயந்தேன். 2022-இல் இளைஞர் பிரிவினர் கோயில் மண்டபத்தில் இலவசச் சட்ட ஆலோசனை முகாம் நடத்த அனுமதி கேட்டார்கள். வக்கீல்கள் நாலு பேர் வருவதாக இருந்தது. வயதானவர்களுக்குச் சட்டத்தைவிடப் பார்வைதான் முக்கியம் என்று கமிட்டியில் பேசி, அதைக் கண் பரிசோதனை முகாமாக மாற்றினேன். ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள், கூட்டக் குறிப்பில் இருக்கிறது. முதலில் வந்து பதிந்துகொண்டவன் பாலன்தான். பார்வை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை வந்து சந்தோஷமாகச் சொன்னான்.

2023-இல் கும்பாபிஷேகம் நல்லபடியாக முடிந்தது. கல்வெட்டில் என் பெயர் மூன்றாவது வரியில் இருக்கிறது.

2024 மார்ச் முதல் தேதி வெள்ளிக்கிழமை. ஆறு வருடம் முடிந்த நாள். காலையில் நாள்காட்டித் தாளைக் கிழித்தபோது கை லேசாக இருந்தது. யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது. பாலனையும் வீட்டாரையும் வரச்சொல்லி, அவன் பேரில் என் செலவில் அர்ச்சனை செய்ய ஏற்பாடு செய்தேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார்.

இங்கேதான் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குத் தெய்வ பயம் உண்டு. மனிதர்களிடம் முன்னே பின்னே சொல்லலாம், சந்நிதியில் நின்று பொய் சொல்ல எனக்கு நாக்கு வராது. குருக்கள் காதருகே குனிந்து, ஆயில்யம், கடக ராசி என்றேன்.

தைப்பூசத்துக்கு மறுநாள் பிறந்தவன் வேறு என்ன ராசியாக இருப்பான்? முதல் நாளே எனக்குத் தெரியும். மகரமும் இல்லை, ஏழரையும் இல்லை. விபத்து நடந்தபோது கடகத்துக்குச் சனி ஆறாம் இடம். எதிரியை ஜெயிக்கிற இடம் அது. அந்த வருடமே அவன் வழக்குப் போட்டிருந்தால் நிச்சயம் ஜெயித்திருப்பான். அது தெரிந்ததால்தான் எனக்கு அவ்வளவு பயம். பன்னிரண்டு ராசியில் ஆறு வருடத்தையும் தாண்டிச் சனியின் பிடியில் இருக்கிற ராசி எது என்று பார்த்துத்தான் மகரத்தை எடுத்தேன்.

குருக்களுக்குக் கணீர்க் குரல். கடக ராசி என்று அவர் சொன்னது மேளச் சத்தத்தில் பாலனுக்குக் கேட்கவில்லை. வலது கை இல்லாததால் கும்பிட முடியாமல் இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான். பக்கத்தில் நின்ற வாணிக்குக் கேட்டிருக்கிறது. குருக்கள் ஏதோ மாற்றிச் சொல்லிவிட்டார் என்று அன்று நினைத்தாளாம்.

இந்த வருடம் மார்ச் 29, சனிப்பெயர்ச்சி. பாலன் கடைசி எள் விளக்கை ஏற்றிவிட்டு என் காலில் விழுந்தான். நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்ததும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, வாணியோடு பிரிக்பீல்ட்ஸுக்குப் போனான். வக்கீல் தேதியைப் பார்த்துவிட்டு, கெடு முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே, இவ்வளவு நாள் யார் உங்களைக் காத்திருக்கச் சொன்னது என்று கேட்டாராம். பாலன் அங்கே என் பெயரைச் சொல்லவில்லையாம். நேரே என்னிடம்தான் வந்தான். சட்டைக் கைமடிப்புகூட இன்னும் கலையவில்லை.

“சனி போயிருச்சுன்னு சொன்னீங்களேண்ணே. இன்னும் ஏதாச்சும் பரிகாரம் மிச்சம் இருக்கா?”

நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவன் கோயிலுக்கு வரவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறான், சோற்றைத் தொடுவதில்லை, தாமரைதான் ஊட்டிவிடுகிறாள் என்று கேள்விப்பட்டேன். மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. சனி விட்டாலும் அதன் நிழல் கொஞ்ச நாள் இருக்கும் என்பார்கள்.

வாணி வந்தது தனியாக. அழவில்லை, சத்தம் போடவில்லை. “அங்கிள், அப்பா கடகமா, மகரமா?” என்று மட்டும் கேட்டாள். இருபது வயதுப் பெண், படித்தவள், அவளிடம் எதற்கு மறைக்க? ஆறு வருடம் முடிந்து அதற்கு மேலும் ஒரு வருடம் ஓடிவிட்டது, இனி யாரும் யாரையும் ஒன்றும் செய்ய முடியாது. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் எவ்வளவு நிம்மதி தெரியுமா? உண்மைக்குக் கெடு இல்லை என்று நான் அன்று சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அவள் ஒரு தாளில் எதையோ குறித்துக்கொண்டாள். பிறகு, “இதுக்கு முன்னாடி வேற யாருக்காச்சும் இது தெரியுமா அங்கிள்?” என்றாள். தெரியாது, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன் என்றேன். அதையும் எழுத வேண்டும் என்றாள். ‘ஏமாற்றினேன்’ என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும் என்றாள். ஒரு சொல்லில் என்ன இருக்கிறது, பிள்ளையின் மனம் ஆறட்டும். ஆகவே எழுதுகிறேன். ராசியை மாற்றிச் சொல்லி, கெடு இருப்பதை மறைத்து, பாலனை நான் ஏமாற்றினேன். இது பாலனின் குடும்பத்துக்கு முதன்முதலாகத் தெரியவந்தது 2025 மே மாதம்.

மெக்கானிக்கின் கடிதத்தை நகல் எடுத்து இதோடு இணைத்திருக்கிறேன். ஒரு தாளையும் தொலைத்தவன் அல்ல நான். கோயில் முத்திரையும் குத்திவிட்டேன். கையெழுத்துக்குக் கீழே தேதி மட்டும் தெளிவாக இருக்கட்டும் என்று வாணி இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனாள், அந்த விஷயத்தில் அவள் என்னைப் போல. 22.5.2025, வியாழக்கிழமை. அவள் வாங்க வரும்போது சொல்ல வேண்டும், இன்று எதைத் தொடங்கினாலும் தடையில்லாமல் நடக்கும் என்று நாள்காட்டியில் போட்டிருக்கிறது.