ஒரே இடத்தில் தாண்டினால்

சரியாக ஒரு மணி நாற்பத்தேழாவது நிமிடத்தில் அந்தப் பதிவு தாண்டுகிறது. படம் ஒரு கணம் நிற்கும். பிறகு பதினோரு விநாடியை விட்டுவிட்டு மேலே ஓடும். பெரும்பாலானவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. கவனித்தாலும் மழை என்பார்கள்.

என் பெயர் ரகுநாத். கீரனூரில் பதினான்கு வருடமாக டிஷ் வேலை பார்க்கிறேன். குன்றாண்டார்கோவில் முதல் ஆவூர் வரை, எந்த வீட்டு மாடியில் டிஷ் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்வேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், மேடம். தொழிலிலிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும்.

பதிவு செய்யும் பாக்ஸில் படம் தாண்டுவதற்குக் காரணங்கள் கொஞ்சம்தான். பதிவாகும்போது மழை பெய்திருக்கலாம். மாடியில் கேபிளை டிஷ்ஷோடு சேர்க்கும் கனெக்டர் தளர்ந்திருக்கலாம். இல்லையென்றால் பதிவு நன்றாக இருந்து, ஹார்ட் டிஸ்க்கை பாக்ஸோடு இணைக்கும் ஒயர் கெட்டிருக்கலாம். எது என்று கண்டுபிடிக்கப் பதிவை மூன்று முறை ஓட்டிப் பார்ப்பேன். வேறு வேறு இடத்தில் தாண்டினால் ஓட்டத்தில்தான் குறை, பதிவு முழுதாக இருக்கிறது. மூன்று முறையும் ஒரே இடத்தில் தாண்டினால், அந்த இடம் பதிவிலேயே இல்லை.

இதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆவூர் சந்தனமேரிக்கு மட்டும் சொன்னேன். அவர் ஆசிரியை. எதையும் ஏன் என்று கேட்பார்.

அவருடைய கணவர் பிராங்க்ளின் மஸ்கட்டில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் சந்தனமேரி மட்டும்தான். அந்த வீட்டு டிஷ்ஷில் அடிக்கடி கோளாறு வந்தது. ஏழு வருடத்தில் மாதம் ஒருமுறையாவது போயிருப்பேன். "வாங்க தம்பி, ஒங்க டிஷ்ஷு திரும்பவும் மக்கர் பண்ணுது" என்பார். ஒங்க டிஷ்ஷு என்றுதான் சொல்வார். நான் கேட்காமலே சர்க்கரை குறைத்து டீ போடுவார். பள்ளிக்கூடத்துக் கதைகள் சொல்வார். பிராங்க்ளினுக்கு நீச்சல் தெரியாது, கண்மாய்க் கரையில் நடக்கக்கூடப் பயப்படுவார் என்பதெல்லாம் அப்படிப் பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான். வேறு ஒன்றும் இல்லை. என்னைத் தம்பி என்று கூப்பிடுவார். இந்தப் பக்கம் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்த ஒரு வீட்டில் மட்டும் ஏன் அத்தனை கோளாறு என்று நேற்றுக் கேட்டீர்கள். கனெக்டரை நான் முழுதாக இறுக்க மாட்டேன். கடைசிக் கால் சுற்றை விட்டுவிடுவேன். காற்றிலும் வெயிலிலும் அது தானாகத் தளரும். முப்பது நாள் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் இருபது. அவருக்கு ஒரு மாலை சீரியல் போகும், அவ்வளவுதான். மறுநாள் நான் போய்விடுவேன்.

இந்த வருடம் ஆவூர் தேவாலயத்துத் தேர்த் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பு பிராங்க்ளின் வந்தார். இனி திரும்பிப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் படம் நின்றிருக்கிறது. என்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரே மாடி ஏறியிருக்கிறார். மறுநாள் என் கடைக்கு வந்தார்.

"என்ன ரகு, எங்க வீட்டு டிஷ்ஷுக்கு மட்டும் மாசாமாசம் காய்ச்சல் வருதாம்ல?" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன்.

"இங்கிட்டு காத்து அதிகங்க."

"பக்கத்து வீட்டு டிஷ்ஷுக்கும் அதே காத்துதான அடிக்குது. நான் மஸ்கட்ல பைப் பிட்டருங்க. மரை முழுசா ஏறினதா, பாதியில விட்டதான்னு எனக்குத் தெரியாதா?"

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. கடையில் வேறு ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டுதான் பேசினார். "மேரிகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. திருநாள் நல்லபடியா முடியட்டும். மறுநா நீங்களே வந்து அவகிட்ட சொல்லிருங்க. அப்புறம் எங்க வீட்டுப் பக்கம் வர வேணாம்."

நியாயமான பேச்சு. ஏழு வருடம் ஒரு வீட்டைக் கவனித்துக்கொண்ட ஒருவனிடம் பேசுகிற பேச்சு அல்ல, அது ஒன்றுதான்.

திருநாள் அன்று மாலை பிராங்க்ளின் காணாமல் போனார். மூன்றாம் நாள் ஊருக்கு மேற்கே கல்குவாரிக் குழியில் மிதந்தார். கால் தவறி விழுந்தார் என்று முடிவானது. அடக்கத்துக்குப் போனேன். பெட்டிக்குத் தோளும் கொடுத்தேன். தேர் அன்று நான் குன்றாண்டார்கோவிலில் வேலையாக இருந்தேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். கேட்காத சிலரிடமும் சொன்னேன். அது தேவையில்லாதது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் சந்தனமேரி போன் செய்தார். தேர் பவனியை ஒரு பக்திச் சேனல் நேரலையாகக் காட்டியிருந்தது. அவர் அன்று பள்ளிப் பிள்ளைகளோடு பாட்டுக் குழுவில் இருந்ததால் வீட்டில் பதிவு வைத்துவிட்டுப் போயிருந்தார். பதிவு வைப்பதையும் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"கண்ட எடத்துல தாண்டுது தம்பி. ஒரு தடவ அவரு தெரியிறாரு. கோயில் முன்னாடி லைட்டுக் கம்பத்துக்கிட்ட நிக்கிறாரு. யாரையோ பாத்துக் கையத் தூக்குறாரு. யாருன்னு பாக்குறதுக்குள்ள தாண்டிருது. மறுபடி போட்டா அதுக்கு முன்னாலயே தாண்டிருது."

"நான் வாரேன். நீங்க எதையும் தொடாதீங்க."

"குடிக்காத மனுசன், தண்ணியப் பாத்தா பத்தடி தள்ளி நிக்கிற மனுசன், அங்கிட்டு எதுக்குப் போனாரு? கூடப் போனது யாருன்னு தெரிஞ்சாப் போதும் தம்பி. அந்த ஆளக் கேட்டுக்குவேன்."

போனேன். ஒயர் கெட்டிருந்தது. இரண்டு நிமிட வேலை. அவர் டீ போட உள்ளே போன நேரத்தில் புது ஒயரை மாட்டி ஓட்டினேன். ஒரு மணி நாற்பத்தேழாவது நிமிடத்தில் பிராங்க்ளின் கையைத் தூக்கினார். நான் கூட்டத்துக்குள்ளிருந்து வந்தேன். அவர் தோளில் கை வைத்தேன். இரண்டு பேரும் நடந்து படத்தைவிட்டு வெளியே போனோம். பதினோரு விநாடி. பார்க்கிறவர்கள் நல்ல சிநேகிதர்கள் என்றுதான் சொல்வார்கள். நான் நீலச் சட்டை போட்டிருந்தேன்.

அந்த பாக்ஸில் விளம்பரத்தை வெட்டி எடுக்க ஒரு வசதி உண்டு. தொடக்கத்தைக் குறிக்க வேண்டும், முடிவைக் குறிக்க வேண்டும், பிறகு ஒரு பொத்தான். உள்ளே பால் பொங்கும் சத்தம் கேட்டது. அதற்குள் முடிந்துவிட்டது.

முழுப் பதிவையும் அழித்திருக்கலாம். டிஸ்க் போய்விட்டது என்று சொன்னால் நம்பியிருப்பார். ஆனால் அதில் பிராங்க்ளின் இன்னும் மூன்று இடங்களில் வருகிறார். ஒரு இடத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கித் தேரைக் காட்டுகிறார். அதையெல்லாம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பழைய ஒயரைத் திரும்ப மாட்டியிருந்தாலும் சரியாகப் போயிருக்கும். பத்துத் தாண்டலில் இதுவும் ஒன்று என்று ஆகியிருக்கும். அதைப் பற்றி யோசிக்கவும் செய்தேன். ஒயரைக் கையில்கூட எடுத்தேன். ஆனால் நான் கை வைத்த பாக்ஸ் அப்படி ஓடக்கூடாது. அது என் பழக்கம். புது ஒயரை இருக்கவிட்டேன். மற்ற இடமெல்லாம் துளி பிசகாமல் ஓடியது.

டீயைக் குடித்தேன். சர்க்கரை அதிகமாக இருந்தது. அவருடைய கவனம் சரியில்லை, அவ்வளவுதான். "அந்த எடத்துல மட்டும் சிக்னல் போயிருக்கு. ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்படும் முன் மாடிக்குப் போனேன். பிராங்க்ளின் இறுக்கியிருந்த கனெக்டரைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டு இறங்கினேன்.

இனி குவாரி. அதை நீங்கள் என்னிடம் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். "ஒரு பத்து நிமிசம் தனியாப் பேசணும்" என்றேன். அவர் நம்பி வண்டியில் ஏறினார். தேர் தெருத் திரும்புவதற்குள் வந்துவிட வேண்டும் என்றார். குவாரியில் ஆள் இல்லை. வெளிச்சம் இருந்தது. சந்தனமேரியிடம் எதுவும் சொல்ல வேண்டாம், நான் மாதா மாதம் வராமல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்தார். கோபம் இல்லை. பயந்த மாதிரி இருந்தது.

"நாளைக்குச் சொல்லிருங்க ரகு. இல்லேன்னா நானே சொல்லிருவேன்" என்றார். வண்டியை நோக்கித் திரும்பினார்.

நான்தான் தள்ளினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என் வண்டியில் முப்பது மீட்டர் கேபிள் சுருள் இருந்தது. விளிம்பிலிருந்து தண்ணீர் வரை அவ்வளவு தூரமில்லை, கேபிள் எட்டும். அவர் அதைப் பார்த்தபடி, "கேபிளப் போடுங்க, கேபிளப் போடுங்க" என்றார். சுருள் கொஞ்சம் பிரிந்திருந்தது. நான் உட்கார்ந்து அதைச் சுற்றிக் கட்டினேன். கட்டி முடித்தபோது தண்ணீர் சும்மா இருந்தது. எனக்கு அவர்மேல் விரோதம் எதுவும் கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்றுகூட இறங்கி வந்தேன். அவர்தான் பிடிவாதமாக இருந்தார்.

பாக்ஸைச் சரிசெய்துவிட்டு வந்த பத்தாம் நாளே சந்தனமேரியிடமிருந்து போன் வந்தது. இவ்வளவு சீக்கிரம் தளர்ந்துவிட்டதே, காற்று அதிகம்போல என்று நினைத்தேன். சந்தோஷமாகத்தான் போனேன். வேறு சட்டை மாற்றிக்கொண்டு போனேன்.

மற்றது உங்களுக்கே தெரியும். நீங்களும் அங்கே இருந்தீர்கள். யூனிபார்ம் இல்லாமல் சாதாரணச் சேலையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தீர்கள். உறவுக்காரர் என்று நினைத்தேன். வாசலில் ஆண்களின் செருப்புகள் கிடந்ததையும் பார்த்தேன். பூசைக்கு வந்தவர்கள் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். டீ வரவில்லை.

சந்தனமேரி ரிமோட்டை எடுத்தார். பதிவை ஓட்டினார். ஒரு மணி நாற்பத்தேழாவது நிமிடத்தில் தாண்டியது. திரும்ப ஓட்டினார். மூன்றாம் முறையும் ஓட்டினார். பிறகு படத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். அழவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையிடம் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டார்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி கண்ட எடத்துல தாண்டுச்சு. நீங்க வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் இந்த ஒரு எடத்துல மட்டுந்தான் தாண்டுது. அப்படின்னா என்னன்னு நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க, தம்பி?"