பட்டியலில் ஏறிய கப்பல்

பிப்ரவரி 19. காலை 5:40. கருங்கடல். பனிமூட்டம். வெளியே இரண்டு டிகிரி. காற்று இல்லை.

ஏறுகிறேன். எஞ்சின் அறையின் இரும்புப் படிகள். முப்பத்திரண்டு. பின்னால் தண்ணீர் ஏறி வருகிறது. முதல் சத்தம் வெடிச் சத்தமாகவே இல்லை. பெரிய இரும்புக் கதவை யாரோ உதைத்த மாதிரி இருந்தது. இரண்டாவதுதான் வெடித்தது. விளக்குகள் அணைகின்றன. டீசல் வாடை. மேலே மோசஸின் குரல்.

"தீன் சாப்! இடது பக்கம் வராதீங்க! ஆக்! ஆக்!"

ஆக் என்றால் நெருப்பு. நான் வலது பக்கம் ஏறினேன். அவர் இடது பக்கம் ஓடினார். தீயணைப்பு வால்வு அங்கேதான் இருந்தது.

மூன்றாவது சத்தம் 5:47.

எனக்கு வயது 63. வீடு போர்ட் பிளேர், ஜங்லிகாட். பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். நான் படித்து எஞ்சினியரானேன். தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பல்களில் இருபத்தொன்பது வருடம். ஓய்வு பெற்றபின் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பதற்றக்காரன். எதையாவது எண்ணிக்கொண்டிருந்தால்தான் நெஞ்சு அடங்கும். மோசஸ் கார் நிக்கோபார் தீவுக்காரர். வயது 44. முன்பு என்னோடு அதே கப்பல்களில் இருந்தவர். இந்த டேங்கரில் அவர் சேராங், டெக் ஆட்களுக்குத் தலைவர். நான் மூன்றாம் எஞ்சினியர். இந்தியக் கப்பல்காரர்கள் அதைத் தீன் சாப் என்பார்கள். பேரன் எடுத்த வயதில் தீன் சாப். மோசஸுக்கு அது தீராத வேடிக்கை.

கப்பலின் பெயர் இரண்டு முறை மாறியிருந்தது. பழைய எழுத்துகள் பெயின்ட்டுக்கு அடியில் புடைத்துத் தெரிந்தன. எண்ணெய் யாருடையது என்று எங்களுக்குத் தெரியும். அண்டை நாட்டுக்குள் படையோடு புகுந்த நாட்டின் எண்ணெய். தெரிந்துதான் ஏறினோம். சம்பளம் இரட்டிப்பு.

வெடித்தது கண்ணியா, ட்ரோனா, கடைசிவரை தெரியவில்லை. நெருப்பு 8:20க்கு அணைந்தது. மோசஸின் இடது கெண்டைக்காலில் கட்டைவிரல் அகல இரும்புத் துண்டு. சமையல்காரர் இடுக்கியால் எடுத்தார். எஞ்சின் அறைத் தண்ணீரை இறைத்தோம். ஒரு எஞ்சின் ஓடியது. நீரிணையைக் கடந்து தெற்கே இறங்கினோம். பிப்ரவரி 22 அன்று கேப்டன் எல்லோரையும் உணவறைக்குக் கூப்பிட்டார். பல நாடுகள் சேர்ந்து வெளியிட்ட தடைப் பட்டியலில் எங்கள் கப்பல் ஏறிவிட்டது. அன்று மாலையே கப்பலைப் பதிவு செய்து கொடி கொடுத்த நாடு கொடியைப் பறித்துக்கொண்டது. காப்பீட்டுத் தாள் போலி என்று தெரிந்தது. எந்தத் துறைமுகமும் உள்ளே விடாது. கரையில் கப்பல் காரியம் பார்க்கும் எந்த ஏஜென்டும் எங்களுக்கு ஒரு மூட்டை அரிசி விற்க முடியாது. விற்றால் அவர் பெயரும் பட்டியலில் ஏறும்.

பிப்ரவரி 26. ஒரு நகரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டோம். கரை நான்கு மைல். பைனாகுலரில் மருத்துவமனை தெரிகிறது. வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்பது தெரிகிறது. கதவு திறப்பது தெரிகிறது.

கடல்நீரைக் குடிநீராக்கும் யந்திரத்தின் பம்ப் வெடிப்பில் உடைந்திருந்தது. உள்ளே சுழலும் ஒரு சக்கரம் வேண்டும். உள்ளங்கை அளவுதான். செய்யும் கம்பெனிக்கு எழுதினோம். அந்தப் பாகம் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, இந்தக் கப்பலுக்குத் தர முடியாது என்று பதில் வந்தது. மரியாதையான பதில். ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்தோம். டெக்கில் தார்ப்பாய் கட்டினேன். ஜங்லிகாட்டில் குழாய் வராத நாட்களில் மழைக்குக் கட்டுவது போல. இரண்டு முறைதான் பெய்தது. அந்தத் தண்ணீர் முழுவதும் மோசஸின் கால் புண்ணைக் கழுவப் போனது.

"ஒரு கால் போனா செருப்புச் செலவு பாதி, தீன் சாப்."

"வாயை மூடிக்கிட்டு காலைக் காட்டு."

மார்ச் 1. காலை 10:15. கரையிலிருந்து ஒரு மீன்படகு திருட்டுத்தனமாக வந்தது. ஆளுக்கு இத்தனை டாலர் என்று படகுக்காரன் விரல் காட்டினான். ஒன்பது பேர் முட்டி மோதி இறங்கினார்கள். தள்ளினார்கள், கத்தினார்கள், ஒருவர் கையை ஒருவர் மிதித்தார்கள். இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. கேப்டன் மேலிருந்து கத்தினார்.

"நில்லுங்க! நாளைக்கு டாக்டரோட மோட்டார் லாஞ்ச் வருது! ஒரு ஏஜென்ட் ஒத்துக்கிட்டான்!"

நான் மோசஸைப் பார்த்தேன். அவர் பையின்மேல் உட்கார்ந்திருந்தார். தீவுக்காரர்கள் கப்பல் துறையில் அப்படித்தான் உட்காருவோம். கப்பல் இன்று இல்லை என்பார்கள். நாளை என்பார்கள். புயல் என்பார்கள். யாரும் கத்த மாட்டோம். கத்துகிறவன் மெயின்லேண்டிலிருந்து, கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய நிலத்திலிருந்து, வந்தவன். நமக்குத் தெரியும், பிந்தினாலும் வரும். மோசஸ் ஒரு முறை கமோர்ட்டா தீவில் பதினாறு நாள் பையின்மேல் இருந்தவர்.

"ஜஹாஸ் ஆயேகா, தீன் சாப்," என்றார். கப்பல் வரும்.

எனக்கும் அதுவே சரி என்று பட்டது. அவர் பக்கத்தில் என் பையைப் போட்டு உட்கார்ந்தேன். படகு போனது.

லாஞ்ச் வரவில்லை. மறுநாளும் இல்லை. அந்த ஏஜென்டின் போன் அணைந்திருந்தது. மீன்படகு போனது தெரிந்து கடலோரக் காவல் படகு ஒன்று எங்களைச் சுற்ற ஆரம்பித்தது. பகலும் இரவும் அதே எஞ்சின் சத்தம். ஒரு சுற்றுக்கு இருபத்தாறு நிமிடம்.

மார்ச் 12. கால் முழங்கால் வரை கறுத்துவிட்டது. காய்ச்சல் 104. மிஞ்சிய உயிர்காப்புப் படகை இறக்கினோம். அரை மைல் போயிருப்போம். காவல் படகின் ஒலிபெருக்கி அலறியது.

"திரும்பிப் போ! கப்பலுக்குத் திரும்பிப் போ!"

நான் எழுந்து நின்று போர்வையை விலக்கி அந்தக் காலைக் காட்டினேன். அவர்களில் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தப் படகு விலகவில்லை. திரும்பினோம்.

மார்ச் 15. பிற்பகல் 3:10. வெயில். மோசஸ் போய்விட்டார்.

உடலைக் காய்கறிக் குளிர் அறையில் வைத்தோம். காய்கறி தீர்ந்திருந்தது. இருபத்திரண்டு நாள் வைத்திருந்தோம். பிணத்தை இறக்கவும் ஏஜென்ட் வேண்டும்.

பிறகு ஒரு தொழிற்சங்கத்து வக்கீல் சொல்லித் தெரிந்துகொண்டேன். மருத்துவத்துக்கும் உயிர்காப்புக்கும் தடையிலிருந்து விலக்கு உண்டு. சட்டத்திலேயே இருக்கிறது. உரிமையாளர் விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் உரிமையாளர் ஏதோ ஒரு நாட்டில் ஒரு தபால் பெட்டி. தபால் பெட்டிக்கு யாருடைய காலும் தெரியாது.

தடை தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்தவன் நாட்டில் குண்டு போடுகிறவனின் காசை அடைக்கத்தான் வேண்டும். வேறு வழி குண்டு மட்டும்தான். இதை மோசஸிடமும் சொன்னேன். அவர் தலையாட்டினார். கதவை அடைத்தவர்கள் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை தட்டிப் பார்த்திருக்கலாம். அவ்வளவுதான் என் சாட்சியம்.

ஏப்ரல் 6. வக்கீல் வாங்கிய விலக்குத் தாள் வந்தது. இறங்கினோம்.

மோசஸின் உடல் இருந்த பெட்டியோடு போர்ட் பிளேர் வந்தேன். கார் நிக்கோபார் கப்பல் தள்ளிப்போயிருந்தது. ஹாடோ கப்பல் துறையில் நூறு பேருக்குக் குறையாமல் பையின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாள். இரண்டாம் நாள். மூன்றாம் நாள் கவுன்டர் பையன் தலை நிமிராமல் சொன்னான்.

"ஆயேகா அங்கிள். ஜஹாஸ் ஆயேகா."

நான் கத்தினேன். கண்ணாடியைக் கையால் அடித்துக் கத்தினேன். தமிழில், இந்தியில், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. துறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பையன் பயந்துபோய் எழுந்தான்.

"என்ன அங்கிள், மெயின்லேண்ட் ஆளா?"

அன்று மாலை நான்கு மணிக்குக் கப்பல் வந்தது. கத்தியதால் வந்ததா, வர வேண்டிய நேரத்தில் வந்ததா, தெரியாது. கார் நிக்கோபாரில் மோசஸின் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றுதான். கரை எவ்வளவு தூரம்? நான்கு மைல் என்றேன்.

கப்பலில் இருந்தவர்கள் இருபத்தொரு பேர். இறந்தவர் ஒருவர். என் வலது காதில் கேட்கும் திறன் பாதி. ஐந்து மாதச் சம்பளம் ஒரு முறை வங்கிவரை வந்து, அனுப்பியவர் தடைப் பட்டியலில் இருந்ததால் திரும்பிப் போனது: ஆறு லட்சத்து எழுபத்தைந்தாயிரம். வேலை வாங்கித் தந்தவனுக்குக் கொடுத்தது ஒன்றரை லட்சம். மோசஸை அவர் வீட்டு வாசல்வரை கொண்டுசேர்த்தது எண்பத்து நான்காயிரம்.

போனது மொத்தம் ஒன்பது லட்சத்து ஒன்பதாயிரம் ரூபாய்.