சாயக்காய்

எங்கள் ஊரில் பலருக்கு மின்னஞ்சல் என்றால் இன்றைக்கும் ஒரு பயம் இருக்கிறது. நல்ல பயம்தான். அதை உண்டாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு.

என் பெயர் வெள்ளைத்துரை. போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். உங்கள் அறக்கட்டளையிலிருந்து கேட்ட விளக்கத்தை எழுதித் தருகிறேன். இதய அறுவைக்குத் தேர்வான குழந்தை ஏன் வரவில்லை, அந்த விண்ணப்பத்திலும் என் மகளின் விண்ணப்பத்திலும் ஒரே தொலைபேசி எண் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அது என் கடை எண். அதில் சூது ஒன்றும் இல்லை. போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் லயன் வீடுகளில் சிக்னல் நிற்காது. மலையில் இருப்பவர்கள் எதற்கு விண்ணப்பம் போட்டாலும் என் எண்ணைத்தான் கொடுப்பார்கள்.

மோசடி மின்னஞ்சலை நம்பி இங்கே சிலர் கெட்டுப் போனதைப் பார்த்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க ஜீப்பில் இறங்கும் பெண்களைக் கடையில் உட்கார வைத்துப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். எல்லாரும் ஏலக்காய் பொறுக்குகிறவர்கள்; காய்க்குள் இருக்கும் விதையை அரிசி என்பார்கள். அவர்களுக்குப் புரிகிற மாதிரியே சொன்னேன்.

"காய்க்குச் சாயம் ஏத்தி விக்கிறான்ல, பாத்தா பச்சைப் பசேல்னு இருக்கும். உரிச்சா உள்ள அரிசி இருக்காது. இதுவும் அப்படித்தான். 'உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கோம்'பான், 'எல்லாம் இலவசம்'பான், 'வெரசா பதில் போடு, இல்லைன்னா போச்சு'ம்பான். தொட்டுறாதீங்க."

அன்றிலிருந்து மோசடி மின்னஞ்சலுக்கு எங்கள் பக்கம் சாயக்காய் என்றே பெயர். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் சொன்னேன். "உங்களைத் தவிர யார்கிட்டண்ணே சொல்லப் போறோம்?" என்றாள் முத்துப்பேச்சி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முத்துப்பேச்சியின் மகள் சூர்யகலா. நாலு எட்டு நடந்தால் அந்தப் பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்துவிடும். என் மகளுக்கும் அதே கோளாறுதான். வெளிநாட்டு டாக்டர் ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை வந்து, சில குழந்தைகளுக்கு மட்டும் இலவசமாக அறுவை செய்கிறார் என்று உங்கள் அறிவிப்பைப் பார்த்தவனும் நான்தான், முத்துப்பேச்சிக்குச் சொன்னவனும் நான்தான். இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே நாளில், ஒரே கவனத்துடன் நிரப்பினேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

என் மகளுக்குக் காத்திருப்புப் பட்டியலில் முதலிடம் என்று பதில் வந்தது. தேர்வான குழந்தை ஏதாவது வராவிட்டால் கூப்பிடுவார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முத்துப்பேச்சி போனைக் கையில் பிடித்தபடி வந்தாள். ஜீப்பு மெட்டு வளைவில் திரும்பும்போது சிக்னல் கிடைத்து, மின்னஞ்சல் வந்து விழுந்திருக்கிறது. முழுக்க ஆங்கிலம்.

"அண்ணே, கலாவுக்கு ஆஸ்பத்திரியில இருந்து வந்துருக்கு போல. ஜீப்புல ஒரு பிள்ளை வாசிச்சுச்சு. தேர்ந்தெடுத்துட்டாங்களாம், இலவசமாம், இந்த வாரத்துக்குள்ள பதில் போடணுமாம்." சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. "நீங்க சொன்ன மூணும் இருக்குண்ணே. ஆனா புள்ள பேரு சரியாப் போட்டிருக்கு. உள்ள அரிசி இருக்கிற மாதிரியும் தெரியுது. நீங்க உரிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். உங்கள் அலுவலக முகவரி. குழந்தையின் பெயர், நான் நிரப்பிய விண்ணப்பத்தின் எண், எல்லாம் சரி. உண்மையான மின்னஞ்சலை எப்படிக் கண்டுகொள்வது என்று நான் அந்தப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. அனுப்பியவர் முகவரியைப் பார்க்க வேண்டும், சந்தேகம் வந்தால் நமக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பாடத்தில் பாதியை விட்டது என் தவறுதான்.

"சாயக்காய்தான் தங்கச்சி," என்றேன்.

"புள்ள பேரு எப்படிண்ணே தெரியும் அவனுக்கு?"

"எங்கயாச்சும் திருடியிருப்பான்."

"அப்ப அழிச்சிருங்கண்ணே. நல்ல வேளை உங்ககிட்ட வந்தேன்." அவள் சொன்ன பிறகுதான் அழித்தேன். உங்களிடமிருந்து இனி வருவது எல்லாம் நேராக ஸ்பேமுக்குப் போகும்படியும் மாற்றி வைத்தேன். மறுபடி வந்தால் வீணாக மனசை அலட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

இது வரைக்கும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று இருந்தேன். தெரியாமல் நடந்த பிழை என்று நீங்களும் முடித்துக்கொள்வீர்கள். ஆனால் அந்த வாரக் கடைசியில் உங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா கடை எண்ணுக்குக் கூப்பிட்டது உங்களிடம் பதிவாகியிருக்கும். குழந்தையின் அப்பாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நானும் ஒரு குழந்தையின் அப்பாதானே. சூர்யகலாவைக் கேரளாவில் வேறு ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்கிறோம், எங்களுக்கு வேண்டாம் என்றேன். குழந்தை நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தினார். நன்றி சொல்லி வைத்தேன்.

அதன் பிறகு எங்களைக் கூப்பிட்டீர்கள், அறுவை நடந்தது. என் மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் பெயர் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு அடுத்த வருடம்கூடப் பார்க்கலாம், அவசரம் இல்லை என்று, இரண்டு பிள்ளைகளையும் முதலில் பார்த்த மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். முத்துப்பேச்சி மகளுக்கு அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர் எழுதிக் கொடுத்த இரண்டு சீட்டுகளையும் ஸ்கேன் செய்து உங்களுக்கு அனுப்பியவன் நான்.

மழைக்காலத்தில் சூர்யகலாவை ஜீப்பில் கீழே கொண்டுவந்தார்கள். பாதி வளைவு இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. இறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முத்துப்பேச்சி என்னிடம்தான் வந்தாள். பிள்ளையின் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். வேலியே பயிரை மேய்ந்த கதையைப் பிறரைப் பற்றி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு என்னால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது. அவள் ஞாயிற்றுக்கிழமை புதிதாக இரண்டு பெண்களைக் கூட்டி வந்து, "அண்ணன் மட்டும் இல்லைன்னா அன்னைக்கு ஏமாந்திருப்பேன்" என்று சொல்லும்போது, நான் திரையைப் பார்த்தபடி அடுத்த விண்ணப்பத்தை நிரப்புகிறேன்.

எந்தத் தண்டனைக்கும் தயார். கடையை மூடச் சொன்னால் மூடிவிடுகிறேன். என் மகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இதை முத்துப்பேச்சிக்கு மட்டும் தெரிவிக்க வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள், தான் யாரிடமும் ஏமாறவில்லை என்ற நிம்மதி ஒன்றுதான் அவளுக்கு மிச்சம், அதையாவது நான் அவளுக்குக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும்.