மகள் கூப்பிட்ட பெரட்டு

அலோர் ஸ்டார் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெரியவர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் என் காது அங்கே போனது.

"என் மகளுக்கு மைக்கே ஆகாதும்மா. அவ பாடுறது ஓபரா. மண்டபம் நிறைய ஆளு இருந்தாலும் வெறும் தொண்டைதான்."

பக்கத்திலிருந்த அம்மா பெண்டாங்கில் ஏறியவர். மெர்போக் ரப்பர் எஸ்டேட்டில் பெரியவர் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தபோது அங்கே பால்மரம் வெட்டியவராம்.

"உங்க தொண்டைதானே அண்ணே. காலையில வேலைக்கு ஆள் எண்ணுற பெரட்டுல நீங்க பேர் கூப்பிட்டா கடைசி லயத்துக்கும் கேக்கும்லா."

"இப்ப அவளும் பேர் கூப்பிடுறா."

"ஓபராவுலயா?"

"பாட்டு முடிஞ்ச பிறகு. படகுல தப்பி வந்து, அடையாளப் பத்திரம் இல்லாம தடுப்பு கேம்புல அடைஞ்சு கிடக்குற பிள்ளைங்க பேரு. அதுங்களுக்காக மனு கொடுக்குறா, லாயர் பிடிக்கிறா, போற ஊர்லயெல்லாம் பேசுறா. போன மாசம் கோலாலம்பூர் மண்டபத்துல நானும் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பேரையும் சொல்லிட்டு, பெரட்டு மாதிரியே பதிலுக்கு நிக்கிறா. ஒரு பதிலும் இல்ல."

"கேம்புல இருக்குறவங்க எப்படிண்ணே பதில் சொல்லுவாங்க?"

"கடைசிப் பேருக்கு வந்துச்சும்மா. எனக்குப் பின் சீட்டுல ஒரு சின்னப் பொண்ணு எழுந்து கையைத் தூக்குச்சு. அந்த வாரந்தான் என் மக அதை கேம்புல இருந்து வெளிய எடுத்திருக்கா."

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரியவர் இறங்குவதற்கு பெல்லை அழுத்திவிட்டு எழுந்தார்.

"முப்பது வருஷம் நானும் பேர் கூப்பிட்டேன். ஆள் வரலன்னா ஆப்சென்ட் போட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிருவேன். இவ போய்க் கூட்டிக்கிட்டு வர்றா."