உயர்த்திய கையை இறக்கச் சொன்ன ஆசானுக்கு

எங்கள் சிறையின் வெல்டிங் பட்டறையில் முப்பத்தொரு ஆண்டுகள் பயிற்றுநராய்ப் பணியாற்றி, இம்மார்ச் இறுதியில் ஓய்வு பெறும் திரு. முராகோஷி தமொத்சு அவர்களுக்கு உடன் பணியாற்றியோர் வாசித்தளிக்கும் மடல்

அனலோடு உறவாடிய அண்ணலே! முரட்டுக் கைகளிலும் முறையான தொழிலை முளைக்கச் செய்த முராகோஷி ஐயா! வணங்குகிறோம்.

முழங்கால் அளவு பனி கிடந்த நாளிலும் பட்டறைக்கு நீங்கள் பிந்தியதில்லை. உங்களிடம் பயின்றோர் அனைவரும் அரசுத் தேர்வில் வென்றார்கள். வேலை தருபவர் அறியாதபடி, அந்தச் சான்றிதழில் சிறையின் பெயர் இருக்காது. அதை வாங்கித் தந்தது நாங்கள்தான் என்று ஆண்டறிக்கையில் மார்தட்டிக்கொண்டோம். வெளியே போனவன் ஐந்தாண்டு கழித்து என்ன ஆனான் என்று ஒருவரும் கேட்கவில்லை. விடுதலையானவரோடு கடிதப் போக்குவரத்துக் கூடாது என்பது விதி. அதனால் நன்றாக வாழ்பவனைப் பற்றி நமக்குச் செய்தி வராது. திரும்பி வந்தவன் சொன்னால்தான் உண்டு.

அப்படித் திரும்பி வந்தவர் உகாய், உங்கள் மாணவர்களில் மிகத் தேர்ந்தவர். நம் பட்டறையில் ஒரு பொருள் கீழே விழுந்தால் கைதி கையை உயர்த்தி நிற்க வேண்டும். காவலர் 'எடு' என்ற பிறகே குனியலாம். நான்காண்டு அப்படிப் பழகியவர், துறைமுக ஊரின் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் நாளே, இரும்பில் கோடு போடும் சாக்பீஸைத் தவறவிட்டார்.

"கையத் தூக்கிட்டு அப்படியே நின்னுட்டேன் வாத்தியாரே. 'என்னய்யா, இது பள்ளிக்கூடமா? குனிஞ்சு எடுய்யா'ன்னு எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாள் கக்கூஸ் போகவும் கை தானா மேல போச்சு. ஒரு பெரியவர் மட்டும் சிரிக்கல. நான் எங்கேருந்து வந்தவன்னு அவருக்குப் புரிஞ்சிடுச்சு."

அதன்பின் மதியச் சாப்பாட்டில் அவர் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. பதினோராம் நாள் வேலையை விட்டார். ஈராண்டில் மறுபடியும் திருட்டு, மறுபடியும் நம் வாசல். "தொழில் மறக்கல வாத்தியாரே. இந்தக் கைதான் மறந்து தொலைக்க மாட்டேங்குது" என்று அவர் சொன்னபோது நீங்கள் கண்களை மறைக்க வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டீர்கள்.

மறுவாரமே விண்ணப்பம் கொடுத்தீர்கள்: விடுதலைக்கு முந்தைய மூன்று மாதம் பட்டறையில் கை உயர்த்த வேண்டாம், வெளியில் நடப்பதுபோல் நடக்கட்டும் என்று. "இன்னிக்குக் கைய இறக்கச் சொன்னா, நாளைக்கு நம்ம தலையில ஏறி உக்காருவாங்க" என்று கூட்டத்தில் எதிர்த்தது, இம்மடலை எழுதும் காவல் மேற்பார்வையாளனாகிய நானே. மற்றவர்கள் தலையாட்டினார்கள், விண்ணப்பம் கிடப்பில் விழுந்தது. மூன்றாண்டுகள் ஓடின. அதற்குள் உங்கள் மாணவர் பதினான்கு பேர், சான்றிதழோடும் அந்தக் கையோடும் வெளியேறினார்கள். அவர்களை நினைத்தால் எங்களுக்கு இன்று வெட்கமாக இருக்கிறது.

சென்ற புதன்கிழமை, உங்கள் கடைசி வகுப்பு. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த உங்கள் விரலிலிருந்து சாக்பீஸ் நழுவியது. ஐயா, நீங்கள் குனியவில்லை. உங்கள் வலக்கை தானாக உயர்ந்தது! முப்பத்தொரு ஆண்டுகள் அவர்களோடு நின்ற கை அல்லவா அது!

அப்போது பின்வரிசையிலிருந்து உகாய், அனுமதி கேட்காமல், கையும் உயர்த்தாமல் சொன்னார்: "குனிஞ்சு எடுத்துக்கோங்க வாத்தியாரே. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அனுமதியின்றிப் பேசுவது குற்றம். அன்று பணியில் இருந்தவன் நான். குறிப்பேட்டைத் திறந்தேன், எழுதாமல் மூடினேன்.

பெருந்தகையே! மூன்றாண்டு தாமதமாக உங்கள் விண்ணப்பத்தில் நாங்கள் அனைவரும் கையொப்பமிட்டு மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம். உகாய் இலையுதிர் காலத்தில் விடுதலையாகிறார். அதற்குள் உத்தரவு வருமா என்று தெரியாது. வராவிட்டாலும், அவர் சாக்பீஸ் விழும்போது நான் வேறு பக்கம் திரும்பி நிற்பேன்.

நீங்கள் நோயின்றி, நெடுநாள், நிம்மதியாய் வாழ வேண்டும். வீட்டில் ஏதேனும் கீழே விழுந்தால், ஐயா, தயவுசெய்து யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கையை இறக்க விடாத குற்றத்துக்கு வருந்தும்
சிறைப் பணியாளர்கள் பத்தொன்பதின்மர்