செடி குடித்த தண்ணீர்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் ஆலையின் மேலாளர் அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, மனைவியை இழந்த துயரத்திலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே, இந்தச் சாப்பாட்டுக் கூடம் கொள்ளாமல் வாசல்வரை நிற்கும் என் தையல்கூடத்துத் தங்கைகளே! மைக்கை எடுத்து அப்பால் வைத்துவிட்டேன், மன்னியுங்கள். அறுபது மெஷின் ஓடும் இடத்தில் இருபத்தெட்டு வருடம் கத்திய தொண்டை இது. மைக் தாங்காது.

நம் மருத்துவ அறையின் செவிலியர், நம் எல்லோருக்கும் பாட்டில் சிஸ்டர், போய்விட்டார். அழாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர் இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "அழறியா? நல்லா அழு. கண்ணுல எவ்ளோ போச்சோ அவ்ளோ தண்ணியக் குடிச்சிட்டு அழு!" சிரிக்கிறீர்களே, அதுதான் சரி. அவரை நினைத்தால் முதலில் சிரிப்புத்தான் வர வேண்டும்.

அவரைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதி குறைந்தவள் இந்தக் கூடத்தில் யாருமில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நான் சூப்பர்வைசர் அக்கா. பழையவர்களைக் கேட்டுப்பாருங்கள், என் பெயர் டோக்கன்காரி! என் மேசைக்குப் பின்னால் ஓர் ஆணி. அதில் கயிறு கோத்த இரண்டு சிவப்பு பிளாஸ்டிக் டோக்கன்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமா? டோக்கன் எடுத்துக்கொண்டு போ. இரண்டும் வெளியே இருக்கிறதா? உட்கார்ந்து தை. அறுபத்திரண்டு பெண்களுக்கு இரண்டே இரண்டு டோக்கன். காவல் நான்.

பெண்கள் என்ன செய்தார்கள்? தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி, இடுப்பு வலி என்று மாதாமாதம் அதே முகங்கள் மருத்துவ அறை வாசலில் வரிசை கட்டி நிற்கும். சிஸ்டர் மாத்திரை கொடுத்துக் கொடுத்து அலுத்துப் போனார். ஒருநாள் ஆளுக்கொரு பாட்டில் வாங்கி வந்து, "சாயங்காலம் காலி பாட்டிலக் காட்டிட்டுத்தான் கேட்டத் தாண்டணும்" என்று உத்தரவு போட்டார். எல்லோரும் காட்டினார்கள்! அறுபத்திரண்டு பாட்டிலும் காலி! சிஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மாத்திரை வரிசை மட்டும் ஓர் ஆள்கூடக் குறையவில்லை.

மாடிப்படிக்கு அடியில் தொட்டியில் ஒரு செடி இருக்கிறதல்லவா? அப்போது அது நாலு இலையோடு சாகக் கிடந்தது. மூன்றே மாதத்தில் தளதளவென்று வளர்ந்து, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. சிஸ்டர் போகிறபோக்கில் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஒரே சேறு. அன்று சாயங்காலம் படிக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்த காலர் தைக்கிற அக்காவைக் கையும் களவுமாகப் பிடித்தார். அந்த அக்கா இதோ மூன்றாம் வரிசையில் முகத்தை மூடிக்கொள்கிறார் பாருங்கள்!

"என்னம்மா பண்றே?"

"உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான் சிஸ்டர். குடிச்சா போகணும். போகணும்னா டோக்கன் வேணும். டோக்கன் வேணும்னா அந்த டோக்கன்காரி மூஞ்சியில முழிக்கணும். அதுக்கு இந்தச் செடியாவது நல்லா இருக்கட்டுமே!"

வேறொருவராக இருந்தால் குதித்திருப்பார். நம் சிஸ்டர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். "மூணு வருஷமா உங்களுக்குப் புத்தி சொல்லிட்டு இருந்தேனே, புத்தி இல்லாதவ நான்தான்" என்றாராம். தன் தவறை அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்ட படித்தவரை நான் வேறு கண்டதில்லை.

மறுநாள் காலை தையல்கூடத்துக்கே வந்தார். காலர் அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு, தான் சொன்ன கணக்குக்கே தண்ணீர் குடித்தார். பத்து மணிக்குக் கை தூக்கினார். "ரெண்டும் வெளிய இருக்கு சிஸ்டர்" என்றேன். பத்தேகாலுக்கு எழுந்து நின்றார். பத்தரைக்கு வியர்த்தது. ஈவிரக்கம் இருந்ததா எனக்கு? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடக்கிக்கோங்க சிஸ்டர், பழகிடும்."

அவர் என்னையே பார்த்தார். "நீ பழகிட்டியாம்மா?" என்றார், என் காதில் மட்டும் விழும்படி.

எனக்குச் சிறுநீரகத்தில் கல் எடுத்தது அதற்கு முந்தின வருடம். ஆட்டோவில் தன் மடியில் என் தலையை வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் அவர்தான். டோக்கன் வைத்திருந்த நான் ஒருநாளும் டோக்கன் எடுத்ததில்லை! சூப்பர்வைசரே எழுந்து எழுந்து போனால் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? அன்றைக்கு ஆணியைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் சிஸ்டர் அதிகாரிகளை மருத்துவ அறைக்கு அழைத்தார். அப்போது இருந்தவர் பழைய மேலாளர். முதலில் எலுமிச்சை ஜூஸ். பிறகு டீ. பிறகு இன்னொரு ஜூஸ். அப்புறம் பேச ஆரம்பித்தார் பாருங்கள்! எந்த மாதம் எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை நாள் விடுப்பு என்று இரண்டு மணி நேரம். என்னை ஒரே ஒரு டோக்கனோடு வாசலில் நிறுத்தியிருந்தார். முதலில் வந்த அதிகாரி வாங்கிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே மேலாளர் வந்து கை நீட்டினார். என் வேலையே போயிருக்கும். ஆனாலும் சொல்லிவிட்டேன்: "டோக்கன் வெளிய இருக்கு சார். அடக்கிக்கோங்க, பழகிடும்!" முறைத்தார். ஒரு காலில் நின்றார். பிறகு மறுகாலில் நின்றார். திங்கட்கிழமை டோக்கன் முறை ஒழிந்தது!

அதற்கப்புறம் மாத்திரை வரிசை தேய்ந்து தேய்ந்து இரண்டு மூன்று பேர் ஆனது. செடியும் மறுபடி நாலு இலைக்கு வந்தது. யாராவது, "செடி வாடுதே சிஸ்டர்" என்றால் அவருக்கு வாயெல்லாம் பல். "வாடட்டும். அது வாடினா என் பொண்ணுங்க நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்" என்பார். அது செத்துவிடாமல் தினம் ஒரு டம்ளர் மட்டும் தன் கையால் ஊற்றுவார். ஓய்வு பெற்ற பிறகு அந்த டம்ளரை என்னிடம் கொடுத்தார். மாதம் ஒருமுறை வந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் பேசுவார். ஏன், என் நலத்தைக்கூட மண்ணை விசாரித்த பிறகுதான் விசாரிப்பார்!

போன வாரம் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். மூச்சு வாங்க வாங்க, "மண்ணத் தொட்டுப் பாத்தியா?" என்றார். "காஞ்சுதான் இருக்கு சிஸ்டர்" என்றேன். சந்தோஷமாகக் கண்ணை மூடினார்.

பொய் சொன்னேன். தங்கைகளே, நான் பொய் சொன்னேன்! சென்ற மாதம் நம் கழிப்பறைக் கதவில் ஓர் இயந்திரம் மாட்டினார்கள். கார்டு தட்டினால்தான் கதவு திறக்கும். எத்தனை தடவை, எத்தனை நிமிடம் என்று பதிவாகும். டோக்கன் இல்லை, டோக்கன்காரி இல்லை, எல்லாம் நவீனம்! போன வாரமே மண் ஈரமாகத்தான் இருந்தது. இன்று காலை வரும்போதும் செடியைப் பார்த்தேன். பதினோரு இலை. மண்ணைத் தொட்டேன். சேறு.

மேலாளர் அவர்களே, நீங்கள் இங்கே வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நல்ல மனிதர், அதனால்தான் இந்தக் கூட்டத்துக்கு இடம் கொடுத்தீர்கள். உங்கள் முன்னால் வைத்த பாட்டிலை முழுக்கக் குடித்துவிட்டதையும் கவனித்தேன். நல்லது. எனக்குப் பிறகு இன்னும் ஐந்து பேர் பேச வேண்டும்!

சிஸ்டருக்கு நாம் மௌனமாக நிற்க வேண்டாம். அவருக்கு மௌனம் பிடிக்காது. எல்லோரும் பாட்டிலை எடுங்கள். குடியுங்கள், கடைசிச் சொட்டுவரை. செடிக்கு அல்ல, உங்களுக்கு! நான் அவரிடம் சொன்ன பொய்யை நாம் சேர்ந்து உண்மையாக்குவோம். அந்த இயந்திரத்தைக் கழற்றும்வரை நம்மில் ஒருவரும் கார்டு தட்டப் போவதில்லை. கதவு திறந்தே இருக்கும். இந்த நாற்காலியை அதற்கு முட்டுக் கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் நிற்பேன். இருபத்தெட்டு வருடக் காவல்காரிக்கு நிற்கத் தெரியாதா என்ன?

ஐயா, உங்கள் மனைவி எங்களுக்குத் தந்ததை நாங்கள் கீழே கொட்ட மாட்டோம்.

என் பாட்டில் காலியாகிவிட்டது. அதனால் என் உரையும் இத்தோடு நிற்கிறது. நான் போய்விட்டு வருகிறேன், யாரையும் கேட்கப் போவதில்லை. காலர் அக்கா, எழுந்திரு. நீயும் வா. ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாம்.